அளவுச் சட்டை

சார், ஒரு நிமிஷம் எழுந்து நிற்க முடியுமா? பயப்படாதீர்கள். நான் இந்தக் கடையில் வேலை பார்க்கிறவள் இல்லை. விற்க வரவில்லை, வாங்கத்தான் வந்திருக்கிறேன். அரை மணி நேரமாக உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் தோளை மட்டும்தான் பார்த்தேன். இந்த நாற்காலி வரிசையில் பதினோரு ஆண்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பதினோரு பேர் வீட்டம்மாவும் மேலே சேலை மாடியில். பதினோரு பேரில் முப்பத்தெட்டு சைஸ் தோள் உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது.

முப்பத்தெட்டுதானே?

தெரியாதா?

பார்த்தீர்களா. இதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, உட்காருங்கள். உதவி பெரிசாக ஒன்றும் இல்லை. இந்தச் சட்டையை ஒரு தரம் போட்டுக் காட்டினால் போதும். ஒவ்வொரு கம்பெனிக்காரனும் முப்பத்தெட்டு என்று ஒவ்வொன்றைத் தைக்கிறான். உடம்பில் மாட்டிப் பார்க்காமல் நம்ப முடியாது. ட்ரையல் ரூமில் ஆள் இருக்கிறது, வெளியே இன்னும் நாலு பேர் நிற்கிறார்கள். அதுவரைக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காரணம் சொல்லாமல், முன்பின் தெரியாத ஒருவரைச் சட்டை போட்டுக் காட்டு என்பது நியாயம் இல்லை.

என் பெயர் செண்பகவல்லி. பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சமூகவியல், இரண்டாம் வருஷம். அப்பா பெயர் அய்யாத்துரை, அரசு பஸ் டிரைவர், முப்பத்தோரு வருஷ சர்வீஸ். நாளை மறுநாள் ரிட்டயர் ஆகிறார். சாயங்காலம் டிப்போவில் விழா. அதற்குத்தான் இந்தச் சட்டை. அப்பா என்னோடு பேசி ஐம்பத்து மூன்று நாள் ஆகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அது வேறு விஷயம், இது வேறு விஷயம்.

சார், உங்களிடம் ஒரு கேள்வி. கடைசியாக உங்களுக்கு யாராவது துணி எடுத்துக் கொடுத்தார்களே, அது என்ன? வேட்டி சட்டை செட்தானே? அட்டைப் பெட்டி, மேலே கண்ணாடித்தாள் ஜன்னல், மடிப்புக் கலையாமல் உள்ளே எட்டுக் குண்டூசி. நான் ஜோசியம் சொல்லவில்லை. எல்லா ஆணுக்கும் அதுதான்.

ஒரு பெண்ணுக்குச் சேலை எடுக்க வேண்டுமென்றால் குடும்பமே வேன் பிடித்துக் கிளம்புகிறது. அவள் நிறத்துக்கு எடுக்குமா, இந்தக் கரை அவளிடம் ஏற்கெனவே இருக்கிறதா, போன தடவை அவள் நாத்தனாருக்கு எடுத்ததை விட இது ஒரு பிடி மட்டமாகத் தெரியுமா, அத்தனையும் அலசுகிறார்கள். அந்த அலசலில் கால்வாசி என் படிப்பில் இருந்திருந்தால் இந்நேரம் முனைவர் பட்டம் வாங்கியிருப்பேன். அதே குடும்பம் கீழே இறங்கி வரும்போது, இதோ இந்த கவுண்டரில் நின்று என்ன சொல்கிறது தெரியுமா? “ஆம்பளைகளுக்கு ஒரு ஏழு செட் போடுப்பா.” டீ சொல்கிற மாதிரி. ஏழு டீ, ரெண்டு சர்க்கரை இல்லாம.

ஏன் வேட்டி, ஏன் துண்டு? யோசித்திருக்கிறீர்களா? வேட்டிக்கு அளவு கிடையாது. துண்டுக்கு அளவு கிடையாது. ஒரு மனிதனைக் கொஞ்சமும் தெரிந்துகொள்ளாமல் அவனுக்குக் கொடுக்க முடிகிற துணி அது இரண்டும்தான். சட்டை ஒன்று கூட வருகிறதே என்பீர்கள். அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்தவர் யாராவது உண்டா? இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் சோம்பேறித்தனம் என்கிறேன்.

ஆதாரம் இல்லாமல் நான் பேசுவதில்லை. போன வருஷம் அப்பா சாத்தூரில் ஒரு கண்டக்டர் வீட்டு விசேஷத்துக்குப் போனார். பீரோவில் இருந்து ஒரு செட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெட்டியின் அடியில் நான் நீல பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். ஆய்வுக்காக. புள்ளிக்குப் பக்கத்தில் சின்னதாகத் தேதியும் எழுதினேன். பதினான்கு மாசத்தில் அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. புள்ளி இருந்தது, தேதி இருந்தது, பெட்டிக்குள் எட்டுக் குண்டூசியும் கிடந்தது. நான் போன் பண்ணி விசாரித்த அளவில் ஐந்து வீடு மாறியிருக்கிறது. அந்தச் சட்டை அவ்வளவு ஊர் பார்த்திருக்கிறது, அதுவரைக்கும் ஒரு உடம்பைப் பார்க்கவில்லை. இதையே என் ஆய்வேட்டுக்குத் தலைப்பாக எடுக்கிறேன் என்று பேராசிரியரிடம் கேட்டேன். “நல்ல தலைப்பும்மா, ஆனா உன் சாம்பிளே மொத்தம் ஒரு சட்டைதானே” என்றார்.

அந்தப் பெட்டி திரும்பி வந்த அன்றைக்குத்தான் அது நடந்தது. அந்த வேறு விஷயம்.

என் அக்கா கோமதியின் பிள்ளைக்குக் காதுகுத்து. கோயில் மண்டபத்தில் வைத்தோம். அப்பாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அத்தானுடைய அப்பா ஒரு செட்டோடு வந்தார். “சம்பந்தி, இப்பமே உடுத்திட்டு வந்து உக்காரணும்.” அப்பா போய் மாற்றிக்கொண்டு வந்தார். அடுத்தாற்போல் அத்தானுடைய பெரியப்பா. “நம்ம செட்டையும் உடுத்திக் காட்டணும்லா.” மறுபடியும் போனார். அது முடிந்து அத்தானுடைய தாய்மாமா. எங்கள் பக்கத்துக் காதுகுத்து வழக்கம் அது, பிள்ளையின் தாத்தா மட்டும் கொடுத்த துணியைக் கொடுத்தவர் கண்முன்னால் உடுத்த வேண்டும். நாலு தடவை சார். நாலு தடவை ஒரு மனிதர் சமையல் கட்டுக்குப் பின்னால் போய்த் துணி மாற்றிவிட்டு வருகிறார். நாலாவது சட்டையில் கழுத்துப் பட்டைக்குள் இருக்கிற அட்டையைக்கூட எடுக்கவில்லை. முகத்தில் ஒரே சிரிப்பு. நாலாவது பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிறேன், நீலப் புள்ளி.

நீங்களே சொல்லுங்கள், ஒரு ஆய்வாளர் அந்த இடத்தில் சும்மா இருக்க முடியுமா?

எழுந்து பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். வழக்கத்தைப் பற்றித்தான் பேசினேன். கடைசியில் ஒரு உதாரணம் சொல்ல வேண்டியிருந்தது. “எங்கப்பாவுக்குன்னு சொந்தமா ஒரு விருப்பம் இருந்தாத்தானே? துணி காயப்போடுற கொடிக்கயிறு மாதிரி, எதைப் போட்டாலும் தாங்கிக்கிட்டு நிப்பாரு” என்றேன். யார் என்ன கொடுத்தார்கள் என்று செய்முறை வாசிக்கிற மைக் பக்கத்தில் இருந்தது. அதை யாரும் அணைத்து வைக்கவில்லை. அது என் தப்பா?

அவருக்காகத்தான் சார் பேசினேன். அவர் பக்கம் நின்றுதான் பேசினேன். அது யாருக்கும் புரியவில்லை.

அன்றிலிருந்து அம்மா வழியாகத்தான் போக்குவரத்து. நான் இங்கே உட்கார்ந்திருப்பேன், அப்பா அங்கே உட்கார்ந்திருப்பார், நடுவில் அம்மா. “அவகிட்ட சொல்லு, ஏழு மணி வண்டி இன்னிக்கி இல்லையாம்.” அம்மா என் பக்கம் திரும்பி, “ஏட்டி, ஏழு மணி வண்டி இன்னிக்கி இல்லையாம்” என்பாள். “சரின்னு சொல்லு” என்பேன் நான். அம்மா அந்தப் பக்கம் திரும்பி, “சரிங்கா” என்பாள். ஐம்பத்து மூன்று நாள். நான் ஒன்றும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. காலண்டர் சுவரில் தொங்குகிறது, கண்ணில் படுகிறது.

எனக்கு ஒரு பாதிப்பும் இல்லை. ஒரு சின்ன அசௌகரியம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து நான் பேச்சுப் போட்டிக்குப் போகிறவள். எதைப் பேசுவதாக இருந்தாலும் முதலில் அப்பா சாப்பிடும்போது அவர் முன்னால் நின்று பேசிக் காட்டுவேன். எங்கள் வீட்டில் நான் பேசுவதை முழுசாகக் கேட்கிற ஆள் அவர் ஒருத்தர்தான். அம்மாவுக்குப் பாதியில் குக்கர் விசிலடிக்கும். அப்பா கடைசி வரை கேட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்பார். “சரி, எதிர்ப்பக்கத்துக்காரன் என்ன சொல்லுவான்?” அந்த ஒரு கேள்வியில் எனக்கு ரெண்டு நாள் வேலை வந்துவிடும். இப்போது அது இல்லை. போன மாசம் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன், யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை, எல்லோரும் கைதட்டினார்கள். மகா மோசமான கட்டுரை.

சரி, அதை விடுங்கள். சட்டைக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கூட்டம். அப்பாவுக்கு ரிட்டயர்மெண்டுக்கு என்ன எடுப்பது என்று. அப்பா டூட்டிக்குப் போயிருந்தார். அக்கா, அத்தான், அம்மா, நான். அத்தான் பெயர் ராமர், நல்ல மனிதர்தான், ஆனால் யோசிக்காமல் முடிவுக்கு வந்துவிடுவார்.

“ஒரு பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, முடிஞ்சு போச்சு” என்றார்.

“அதை உடுத்திட்டு அவர் எங்க போவாரு அத்தான்?” என்று கேட்டேன். “மனுஷனுக்கு அடுத்த வாரத்துல இருந்து காக்கி கிடையாது. காக்கியை விட்டா அவர்கிட்ட இருக்குறது ரெண்டே சட்டை. ரேஷன் கடைக்குப் பட்டுச் சட்டையிலயா போவாரு? அவர் தினமும் போடுற மாதிரி, அவர் உடம்புக்குச் சரியா, ஒரு நல்ல பருத்திச் சட்டை எடுப்போம்.”

“எடுப்போமே. நாப்பத்திரண்டு சைஸ்ல எடுங்க. மாமா நல்ல வாட்டசாட்டமான உடம்பு.”

“நாப்பத்திரண்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பாத்தா தெரியாதா?”

“நாப்பத்திநாலுல்லா” என்றாள் அக்கா.

அம்மாவைப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷம் துவைத்துக் காயப்போடுகிறவள். “அவருக்கு எதுனாலும் பத்தும்ட்டி” என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். ஒரு மணி நேரம் பேசினேன். ஒரு வீட்டில் நாலு பேர், ஒருத்தருக்குக்கூட அந்த மனிதனின் அளவு தெரியவில்லை, இது ஒரு வீடா என்று கேட்டேன். அக்கா, “உனக்குத் தெரியுமாட்டி?” என்றாள். அது அந்த இடத்தில் சம்பந்தம் இல்லாத கேள்வி. நான் வழக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நேராக டெய்லரிடம் போனேன். டிப்போவுக்கு எதிரே மோசஸ் அண்ணாச்சி கடை. டிப்போவில் காக்கித் துணியாகத்தான் கொடுப்பார்கள், நாம்தான் தைத்துக்கொள்ள வேண்டும். முப்பத்தோரு வருஷமாக அப்பாவுக்கு அங்கேதான் தையல்.

“அண்ணாச்சி, எங்கப்பா அளவை ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தாங்க” என்றேன்.

“அளவா? உங்கப்பாவை நான் அளந்ததே இல்லையே தாயி.”

“முப்பத்தோரு வருஷமா தைக்கீங்க?”

“தைக்கேன். அளவுச் சட்டை குடுத்து விடுவாரு. போன வருஷம் தைச்சது இந்த வருஷத்துக்கு அளவு. இந்த வருஷம் தைச்சது அடுத்த வருஷத்துக்கு அளவு.”

“அப்ப முத முதல்ல வந்த அளவு?”

“அது அவரு கல்யாணச் சட்டை. வேற எவனோ தைச்சது.”

“நீங்க அளவுச் சட்டையை அச்சு மாறாம அப்படியே தைப்பீங்க.”

“அப்படியே எப்படித் தைக்க? தண்ணி பட்டா சுருங்கும்லா. அரை இஞ்சு தாராளம் விட்டுத்தான் வெட்டுவேன்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்.”

“சுருங்குச்சா?”

“ஆரம்பத்துல சுருங்குச்சு. பொறவு டெரிகாட்டன் துணி குடுக்க ஆரம்பிச்சுட்டான். அது எங்க சுருங்க?”

“பின்ன எதுக்கு அண்ணாச்சி அரை இஞ்சு?”

அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். நேர்மையான மனிதர். “பழக்கம்” என்றார். பிறகு, “உங்கப்பா ஒரு நாளும் பத்தலன்னு திருப்பிக் கொண்டாந்தது இல்ல, பாத்துக்க” என்றார்.

எப்படிச் சார் பத்தாமல் போகும்? வருஷத்துக்கு அரை அங்குலம். நான் அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். சுருங்காத துணி வந்து பதினாறு வருஷம். எட்டு அங்குலம். எங்கள் அப்பாவின் சட்டை பதினாறு வருஷமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. அப்பா வளரவில்லை.

என் மனசில் அப்பா என்றால் ஆள் பெரியவர். டூட்டி முடிந்து வாசலில் வந்து நின்றால் வெளிச்சம் மறையும், அவ்வளவு பெரியவர். வெளிச்சத்தை மறைத்தது சட்டை. இதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

வரிசையில் இன்னும் ரெண்டு பேர்தான். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

மோசஸ் அண்ணாச்சியிடமே இஞ்சு டேப்பைக் கடன் வாங்கிக்கொண்டு வந்தேன். இனி அளக்க வேண்டும். பேசாத மனிதரை எப்படி அளப்பது? “அம்மா, அவரைக் கையைத் தூக்கச் சொல்லு” என்று சொல்லி அளக்க முடியுமா? அதனால் அவர் தூங்கும்போது அளப்பது என்று முடிவு செய்தேன். காலை ஷிப்டு முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுப் பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்குவார். முந்தாநாள் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போன நேரம் பார்த்து டேப்போடு போனேன்.

பாயில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். பனியனும் கைலியும். இத்தனை நாள் அவரை நேராகப் பார்க்காததாலோ என்னவோ, ஒரு விநாடி வேறு யாரோ படுத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம், அதில் ஒரு கரண்டி எண்ணெய் நிற்கும். வலது கை முழங்கைக்கு மேல் வரை கருகலாக இருந்தது. டிரைவர் ஜன்னல் வெயில். அதற்கு மேலே, சட்டைக் கை மூடுகிற இடத்திலிருந்து, வெள்ளையாக வேறு கை. ஒருவர் கையை இன்னொருவருக்கு ஒட்ட வைத்த மாதிரி. இதெல்லாம் எனக்குத் தெரியாது. வீட்டில் எப்போதும் அந்தப் பெரிய சட்டைக்குள்ளேயே இருப்பார்.

அளந்தேன். தோள் பதினாறரை. அது சுலபம். மார்பை அளக்க டேப்பைக் கையிடுக்கில் விட வேண்டும். எப்படி விடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கையைக் கொஞ்சம் தூக்கினார். தூக்கத்தில் மனுஷர் அசைவது இயற்கைதானே. டக்கென்று விட்டுவிட்டேன். அடுத்த முனை முதுகுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. சரியாக அந்த நேரம் பார்த்து அவரே திரும்பி மல்லாக்கப் படுத்தார். என் அதிர்ஷ்டம். முப்பத்தைந்து அங்குலம். கை நீளம் பார்க்கும்போது டேப் நுனியில் இருக்கிற தகரம் தரையில் விழுந்து சத்தம் போட்டது. அசையவில்லை. அவ்வளவு அசந்த தூக்கம். வழக்கமாகக் குறட்டை விடுவார், அன்றைக்கு அதுகூட இல்லை. பாவம், அத்தனை அசதி.

கழுத்தை அளப்பதாக இல்லை. தூங்குகிற ஒருவர் கழுத்தில் டேப்பைச் சுற்றினால் பக்கத்தில் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? சரி, எழுந்திருக்கலாம் என்று பார்த்தால், நாவிதர் கடையில் சவரத்துக்குக் காட்டுவது மாதிரி அவர் தாடையை மேலே தூக்கிக்கொண்டார். சரி, வந்தது வந்தாயிற்று என்று அதையும் அளந்துவிட்டேன். பதினைந்து. ஆக, ரெடிமேடில் முப்பத்தெட்டு. இதோ உள்ளங்கையில் எழுதியிருக்கிறேன், அழியாத பேனா.

என்ன சார்? ஏன் சிரிக்கிறீர்கள்?

யார், எங்கள் அப்பாவா? விழித்திருந்தாரா?

இல்லை சார். வாய்ப்பே இல்லை. நீங்கள் அவரைப் பார்த்ததுகூட இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண் மூடியிருந்தது. இறுக்கமாகவே மூடியிருந்தது. கையைத் தூக்கினார் என்றால், அதற்கு விளக்கம் சொல்லிவிட்டேன். திரும்பிப் படுத்ததற்கும் சொல்லிவிட்டேன். குறட்டைக்கும் சொல்லிவிட்டேன். விழித்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார். என்ன பண்ணுதே என்று கேட்டிருப்பார்.

என்னிடம் கேட்டிருக்க மாட்டார். சரி. அம்மாவைக் கூப்பிட்டாவது கேட்டிருப்பார். அம்மா வீட்டில் இல்லை. சரி.

தாடையா? தாடையைத் தூக்கினார். தூக்கத்தில் ஒருவர் தாடையைத் தூக்கக் கூடாதா என்ன? மூச்சு விடச் சிரமமாக இருந்திருக்கலாம்.

டேப் முனை விழுந்தபோது இமை லேசாக ஆடியது. ஆடியது, அதை நான் மறைக்கவில்லை.

…

ட்ரையல் ரூம் காலியாகிவிட்டது சார். நீங்கள் போய்ப் போட்டுக்கொண்டு வாருங்கள். உங்கள் பையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாருங்கள். கொஞ்சம் திரும்புங்கள். கையைத் தூக்குங்கள். இறக்குங்கள். தோள் தையல் தோள் எலும்பு மேலேயே உட்கார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா? இதுதான் சார் அளவு என்பது. உங்களுக்கே வேறு ஆள் மாதிரி இல்லை? இந்தச் சட்டையை நான் சும்மா பொறுக்கவில்லை. முழுப் பருத்தி. அரைக் கை, இந்த வெயிலுக்கு அதுதான் சரி. ரெண்டு பை, ஒன்று கண்ணாடிக்கு, ஒன்று போனுக்கு. சாம்பல் நிறத்தில் கோடு, அழுக்குத் தெரியாது. பத்து கேள்வி எனக்கு நானே கேட்டு, பத்துக்கும் பதில் சொல்லித்தான் இதை எடுத்தேன். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

என்ன சார்?

அவருக்கா? அவருக்குப் பிடிக்குமா என்றா கேட்கிறீர்கள்?

பிடிக்காமல் என்ன. அவருக்கு எது கொடுத்தாலும்...

ஒரு நிமிஷம் இருங்கள்.

இல்லை, கழற்ற வேண்டாம், அப்படியே இருங்கள். ஒரு போன் பண்ணிக்கொள்கிறேன்.

“அம்மா. நான்தான். அப்பா இருக்காரா? ... இல்ல, நீ கேட்டுச் சொல்லாண்டாம். போனை அவர்ட்ட குடு. ... எனக்கு ஒண்ணும் ஆகலம்மா, நல்லாத்தான் இருக்கேன். குடு.”

கொடுக்கப் போகிறாள். ஸ்டூலை நகர்த்துகிற சத்தம் கேட்கிறது.

“அப்பா.”

...

“அப்பா, கடையில இருக்கேன். உங்களுக்குச் சட்டை எடுக்க வந்தேன். உங்களுக்கு எந்த மாதிரிச் சட்டை வேணும்?”

...

லைனில்தான் இருக்கிறார். மூச்சு விடுவது கேட்கிறது.

“அப்பா, கேக்குதா? நானா எடுத்துரலாம்னுதான் வந்தேன். பொறவு கேக்கணும்னு தோணிச்சு. முன்னமே கேட்டிருக்கணும். அன்னிக்கி மண்டபத்துலயும்... சரி, அதை வீட்ல வந்து சொல்லுதேன். என்ன கலர் வேணும்?”

“... என்ன கலர்னு சொன்னீங்க?”

“கத்தரிப்பூ கலரா?”

சார், கத்தரிப்பூ கலராம்.

“ஏன்ப்பா, கத்தரிப்பூ கலர்ல... இல்ல, நான் வேண்டாம்னு சொல்லல. சொல்லுங்க. எத்தனை வருஷமா? அம்புட்டு வருஷமாவா? சரி. கை? முழுக்கையா? வெயிலுக்கு அரைக்கைதானேப்பா... ஓ. ஆமா. கை ரெண்டு கலராத் தெரியுது. ஆமாப்பா, பாத்தேன். முந்தாநாள் பாத்தேன்.”

...

“ஆமா. முப்பத்தஞ்சு. ... சரியாத்தான் அளந்தேன்ப்பா. நீங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா அது என் தப்பா?”

சார், உங்களிடம் பேனா இருக்கிறதா? என் பேனா பைக்குள் எங்கேயோ கிடக்கிறது. உங்கள் பையில் நீட்டிக்கொண்டிருக்கிற பில் தாளையும் கொடுங்கள், பின்பக்கம் எழுதிக்கொள்கிறேன்.

“ம். சொல்லுங்கப்பா. காலர் ரொம்பப் பெருசா வேண்டாம். ம். பை ஒண்ணு போதும். ரெண்டு பை வச்சா கண்டக்டர் மாதிரி இருக்குமா? அதுல என்னப்பா இருக்கு, உங்களுக்கும் கண்டக்டருக்கும் அப்படி என்ன... சரி சரி, ஒண்ணு. பித்தான் வெள்ளையா இருக்கக் கூடாது. ம். கோடு?”

“கோடு போட்டது ஏன் வேண்டாம்? இங்க ஒரு சார் போட்டுட்டு நிக்காரு, அம்சமா இருக்கு. ... யாருன்னு எனக்கும் தெரியாது. உங்க சைஸ்.”

“... இல்லப்பா, நீங்க வந்து பாக்காம எப்படி வேண்டாம்னு... சரி. சரிங்கேன்லா.”

சார், அந்தச் சட்டையைக் கழற்றிவிடுங்கள். அவருக்கு இது பிடிக்கவில்லையாம்.

ஆமாம் சார். பிடிக்கவே இல்லையாம்.